‘க்’ வர வேண்டிய இடத்தில்

பர்கூர் சாலையில் கிரானைட் யார்டு.
கல்லுக்கு எண் போடுவது, லாரி நம்பர் குறிப்பது,
கன்டெய்னர் சீட்டில் முத்திரை வைப்பது என் வேலை.
லோகித்துக்குப் பாடமும் அதே மேசையில்தான்,
பதினோரு மாதமாக.

பள்ளிக்கூடத்தை நிறுத்தியது நான்.
வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்பான்.
பொய் என்றுதான் நினைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்தபோதும்
வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.
நம்பினேன்.
“நீ என்ன டீச்சர் டிரெய்னிங்கா படிச்சே?” என்றாள் நாத்தனார்.
பி.காம்.
அதிலும் ஓர் அரியர்.

முதல் மூன்று மாதம் நானும் இன்னொரு பள்ளிக்கூடம்.
இரட்டைக்கோடு நோட்டு, சிவப்புப் பேனா,
மறுபடி எழுது, மறுபடி.
ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்தது.
கிழிந்த இடத்தை
முட்டியில் பட்ட காயம்போல
உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

ஏப்ரலில் ஒரு நாள் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து
கீழே கிடந்த கல்லில் ஓடியது.
விரலைத் தோய்த்து ‘பூ’ போட்டான்.
சாம்பல் கல்லில் கறுப்பாக எழுந்தது.
‘னை’ முடிப்பதற்குள் ‘பூ’ காய்ந்துவிட்டது.
எங்கள் ஊர் வெயிலில் எழுத்துக்கு அரை நிமிடம் ஆயுள்,
பிழைக்கும் அவ்வளவே.
சிவப்புப் பேனாவை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

பிறகு தினம் ஒரு கல், ஒரு டப்பாத் தண்ணீர்.
டயர். டீசல். ஓணான். சந்தூர் மாங்காய்.
“கேழ்வரகுன்னு சொன்னா
‘க்’ தானே முதல்ல கேக்குது?
அப்புறம் கொம்பு ஏன் முன்னாடி போய் நிக்குது?”
கன்டெய்னர் சீட்டைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன்.
எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை,
நானும் கேட்டதில்லை.

ஆடி மாதம்,
துறைமுகத்துக்குப் போக வேண்டிய கட்டுக்குப் பின்னால்
சாக்கின்மேல் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது.
நான் வங்கிக்குப் போயிருந்தேன்.
தண்ணீர் நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.
எண் போடும் மஞ்சள் மெழுகுக்குச்சியை எடுத்து
எட்டடிக் கல்லின் குறுக்கே
கை எட்டிய உயரத்தில்

பூனை இருக்குது
தூங்காதே

என்று எழுதிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டான்.

‘தூக்காதே’ என்று எழுதத்தான் நினைத்தான்.

கிரேன் திம்மராயன்
இரவு ஷிப்டோடு பகலையும் சேர்த்துப் பார்க்கிறவர்.
பெண்ணுக்குக் காது குத்து, கடன்.
கண் செருகச் செருக வாரை இறக்கியவர்
கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.
தூங்காதே.
லீவரிலிருந்து கையை எடுத்தார்.
“எவன்டா எனக்கு எழுதினது?”
இறங்கி வந்தார், தொட்டியில் முகம் கழுவினார்,
துண்டால் துடைத்துக்கொண்டே திரும்பும்போது
கல்லுக்குப் பின்னால் மியாவ்.

லோடிங் இரண்டு மணி நேரம் தாமதம்.
ரிஜிஸ்டரில் ‘காரணம்’ என்ற கட்டத்தை
நான்தான் நிரப்ப வேண்டும்.
பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.
‘பூனை’ என்று எழுதினேன்.

சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தேன்:
“அது ‘ங்’ இல்லடா, ‘க்’.”
கல்லருகே போய் நின்று
தான் எழுதியதைத் தானே சத்தமாக வாசித்தான்.
யாரும் சொல்லாமல்.
வயிற்றைப் பிடிக்காமல்.
இரண்டாம் முறை வாசிக்கும்போது
‘தூங்’கில் நின்றுவிட்டான்.
காது சிவந்தது.
“மாமா நிறுத்திட்டார் இல்ல?” என்றான், கொஞ்சம் சண்டைக்கு.
நிறுத்திவிட்டார். அதற்கென்ன சொல்வது.

ராத்திரியே பூனை
குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போய்விட்டது.
காலையில் தின்னர் துணியோடு வந்தவன்
‘ங்’ஐ மட்டும் துடைத்தான்.
நாக்கைக் கடித்துக்கொண்டு
அந்த இடத்தில் ஒரு ‘க்’ வைத்தான்,
புள்ளி மட்டும் எலுமிச்சை அளவுக்கு.

பூனை இருக்குது
தூக்காதே

நன்றாகத் தூங்கி எழுந்து வந்த திம்மராயன்
விசிலடித்தபடி வாரை மாட்டித்
தூக்கினார்.

மஞ்சள் எழுத்தோடு கல் அந்தரத்தில் போனது.
அண்ணாந்து பார்த்த லோகித்துக்கு வந்ததே கோபம்:
“ஏம்மா,
அவருக்குப் படிக்கத் தெரியாதா?”